தொழுநோயில் வெள்ளணுக்களின் போராட்டமும் ஜமாஅத்தாரின் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

     

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பெற்ற இந்த அவையில், உடல்நலம் குறித்துச் சிறிது நேரம் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோ பேசினால் அனைவரும் விருப்பத்துடன் கேட்பர். அவை வெளியில் சொல்லத்தக்க நோய்கள். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ வீட்டுக்குள் மறைத்து வைக்கப்படும் நோய். அதுவே தொழுநோய்.

உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை நாம் அனைவரும் சுவர் விளம்பரங்களிலேயே படித்திருக்கிறோம். ஆனால், சிகிச்சை தொடங்கிய பின் நேரக்கூடிய ஒன்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மாத்திரை உண்ணத் தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ, அதுவரை வலியின்றிக் கிடந்த தேமல் திடீரெனச் சிவந்து தடித்து வீங்குகிறது; முழங்கை நரம்பு வலிக்கிறது; சிலருக்குக் காய்ச்சலும் வருகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். மாத்திரை அட்டை பரணுக்குப் போகிறது. சில வாரங்களில் விரல்கள் மடங்கிப் போகின்றன. அதனை நோயின் கொடுமை என்றும் விதி என்றும் கூறி அமைதி கொள்கிறோம்.

அங்கு நிகழ்ந்தது என்ன? நம் உடலைக் காப்பதற்கென்றே படைக்கப்பட்ட வெள்ளணுக்கள், கிருமியோடு நடத்திய போரில் நம் நரம்பையே சேதப்படுத்திவிட்டன. உரிய நேரத்தில் அப்போரைத் தணித்திருந்தால் அந்தக் கை பெரும்பாலும் காப்பாற்றப்பட்டிருக்கும். இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வெள்ளணுக்கள் என்னும் காவற்படை

நலமுடைய ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோஃபில் என்னும் வகையைச் சேர்ந்தவை. கிருமி நுழைந்த இடத்திற்கு முதலில் விரைந்து செல்பவை இவையே. அடுத்து வருபவை மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள். இவை கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடும் ஆற்றல் உடையவை. மூன்றாவது வகையினர் லிம்ஃபோசைட் எனப்படுவோர். எதிரி யார் என்பதை அடையாளம் கண்டு, பெருவிழுங்கிகளுக்குக் கட்டளை பிறப்பிக்கும் பணி இவர்களுடையது.

வெள்ளணுக்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்னும் உண்மையை விளக்கிக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். 1882ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் சிறு முள்ளைச் செலுத்தி வைத்தார். மறுநாள் பார்த்தபோது, நகரும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. இந்த ஆய்வு வழிக்காக 1908ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பதை நாம் அறிவோம். அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்கள் குழாயிலிருந்து வெளியேறித் தசைக்குள் செல்வதன் அடையாளமே அது. இதனை மருத்துவர்கள் அழற்சி என்பர். அழற்சி நமக்கு நன்மை செய்வது. ஆயினும் அளவு மீறினால் தீங்காகும். ஊர்க்காவலுக்கு வந்த படை, கள்வனைத் தேடும் வேகத்தில் வீட்டுச் சுவரையும் இடித்துவிடுவதைப் போன்றது அது.

விழுங்கினாலும் சாகாத கிருமி

1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இது முன்வினையாலோ சாபத்தாலோ வருவதன்று, கிருமியால் வருவது என்பதை அக்கண்டுபிடிப்பு உணர்த்தியது. இக்கிருமி மிகவும் மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. ஆகவே உடலில் புகுந்த பின் நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 20 ஆண்டுகளும்கூட ஆகலாம்.

பிற கிருமிகளைச் செரித்துவிடும் பெருவிழுங்கிக்குள்ளேயே இது குடியிருக்கும். அத்துடன், நரம்பிழைகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஷ்வான் அணுக்களுக்குள்ளும் புகுந்துகொள்ளும். உணர்ச்சி மரத்துப் போவதற்குக் காரணம் இதுவே.

இருப்பினும், மக்களில் 100க்கு ஏறத்தாழ 95 பேருக்கு இக்கிருமியை வெல்லும் இயற்கை ஆற்றல் உண்டு. எஞ்சிய சிலருக்கே நோய் வருகிறது. வந்தவர்களிலும் அது ஒரே விதமாக இருப்பதில்லை. லிம்ஃபோசைட்டுகள் விழிப்புடன் கட்டளையிடும் உடலில் ஓரிரு தேமல்களோடு நோய் அடங்கிவிடும். கிருமிகள் மிகச் சிலவே இருக்கும். கட்டளை பிறவாத உடலில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி, தோல் முழுவதும் பரவும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட படிகள் பல. ரிட்லி, ஜாப்ளிங் என்னும் இரு மருத்துவர்கள் 1966இல் இப்படிகளை வகுத்துக் கொடுத்தனர். கிருமி ஒன்றே, வெள்ளணுக்கள் நடந்துகொள்ளும் விதத்தால்தான் நோயின் தோற்றம் வேறுபடுகிறது.

எதிர்விளைவு இரு வகை

இந்நோயில் வெள்ளணுக்கள் திடீரெனக் கிளர்ந்தெழுவதை எதிர்விளைவு என்பர். மருத்துவப் பணியாளர்கள் பொதுவாக ரியாக்‌ஷன் என்றே சொல்வார்கள். அது இரு வகைப்படும்.

முதல் வகை, இடைப்பட்ட படிகளில் உள்ளோருக்குப் பெரும்பாலும் வருவது. அதுவரை உறங்கிக் கிடந்த லிம்ஃபோசைட்டுகள் கிருமியை அடையாளம் கண்டு விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருள் பெருவிழுங்கிகளைத் தூண்டிவிடுகிறது. பழைய தேமல்கள் சிவந்து வீங்குகின்றன. கிருமி நரம்புக்குள் ஒளிந்திருப்பதால் போரும் நரம்புக்குள்ளேயே நடக்கிறது. வீங்குவதற்கு இடமற்ற குறுகிய உறைக்குள் நரம்பு நசுங்குகிறது. முழங்கையில் நரம்பு நசுங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும். முழங்காலின் வெளிப்புறத்தில் நசுங்கினால் பாதம் தொங்கும். முகத்தில் நசுங்கினால் கண்ணிமை மூடாது. வலியே இல்லாமலும் நரம்பு செயலிழப்பது உண்டு என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை, உடலில் கிருமிகள் மிகுதியாக உள்ளோருக்கு வருவது. கிருமிகளின் சிதைவுகளும், அவற்றை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து தோலிலும் பிற உறுப்புகளிலும் படிகின்றன. அங்கே நியூட்ரோஃபில்கள் திரண்டு வருகின்றன. தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் முகத்திலும் கைகால்களிலும் தோன்றுகின்றன. காய்ச்சல், மூட்டுவலி, கண் சிவப்பு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இரத்தம் சோதித்தால் வெள்ளணு எண்ணிக்கை கூடியிருக்கும். அதைக் கண்டு வேறு ஏதோ தொற்று எனக் கருதி வேறு மருந்துகள் தரப்படுவதும் உண்டு. ஆகையால் எந்த மருத்துவரிடம் சென்றாலும், தொழுநோய்க்கு மருந்து உண்கிறோம் அல்லது முன்பு உண்டோம் என்பதை மறைக்காமல் கூற வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் அந்த ஒரு வாக்கியமே ஒருவரின் கண்ணையோ கையையோ பறித்துவிடக்கூடும்.

இவ்விரு வகைகளும் சிகிச்சைக்கு முன்பும் வரலாம், சிகிச்சையின்போதும் வரலாம், மருந்து முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னும் வரலாம். கிருமி இறந்த பின்னும் அதன் சிதைவுகள் உடலில் நெடுநாள் தங்கியிருப்பதே காரணம். எனவே எதிர்விளைவு வந்தால் நோய் திரும்பிவிட்டது என்றோ, மருந்து தோற்றுவிட்டது என்றோ கருதுதல் கூடாது.

இரு சிகிச்சைகளும் வேறு வேறு

கிருமியைக் கொல்வது கூட்டு மருந்து சிகிச்சை. ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகியவை அதன் மருந்துகள். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1981இல் இதனைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உண்ண வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். முதல் தவணை ரிஃபாம்பிசினே பெரும்பாலான கிருமிகளை அழித்துவிடுவதால், சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் பரவும் என அஞ்சத் தேவையில்லை. இம்மருந்துகளால் சிறுநீர் சிவப்பாவதும் தோல் கறுப்பதும் இயல்பானவை. மருந்து முடிந்த பின் அவை மாறிவிடும்.

எதிர்விளைவைத் தணிப்பது வேறு மருந்து. பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையே அதில் முதன்மையானது. அது கொதித்தெழுந்த வெள்ளணுக்களை அமைதிப்படுத்தி, நரம்பின் வீக்கத்தைக் குறைக்கிறது. மருத்துவர் தொடக்கத்தில் கூடுதலாகக் கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். அந்தக் காலத்தில் கூட்டு மருந்தை நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்தே உண்ண வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்டு 6 மாதத்திற்குள் இச்சிகிச்சை தொடங்கினால் உணர்ச்சியும் வலுவும் மீளும் வாய்ப்பு மிகுதி. காலம் கடந்தால் அவ்வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஸ்டீராய்டு கூர்மையான கத்தியைப் போன்றது. சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் அது கூட்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்பதும், சற்றுக் குணமானதும் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானவை. ரமலான் நோன்பு நாட்களில் சிலர் மருந்தை விட்டுவிடுகின்றனர். நோன்பு தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கலந்து, மாத்திரை உண்ணும் நேரத்தை முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அரிதாக, மருந்துக்கே ஒவ்வாமை ஏற்படுவதும் உண்டு. உடல் முழுதும் தடிப்பு, தோல் உரிதல், கண் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எது ஒவ்வாமை, எது எதிர்விளைவு என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. நாமாகத் தீர்ப்பு வழங்குதல் கூடாது.

இரண்டாம் வகை எதிர்விளைவுக்கு இன்னொரு மருந்தும் உண்டு. தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தைக் கருவுற்ற தாய்மார்கள் உண்டதால், 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. அம்மருந்து விலக்கப்பட்டது. பின்னர் ஜெருசலம் நகரில் ஷெஸ்கின் என்னும் மருத்துவர், வேதனையால் உறக்கமின்றித் தவித்த தொழுநோயாளிக்கு அதனைக் கொடுத்தபோது, முடிச்சுகளே மறைவதைக் கண்டார். 1965இல் அதனை வெளியிட்டார். கடுமையான கட்டுப்பாட்டுடன் அம்மருந்து இன்றும் பயன்படுகிறது. ஆனால் கருவுற்றோர் அதனை ஒருபோதும் உண்ணக் கூடாது; கருவுறக்கூடியோர் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி அதனைத் தொடவே கூடாது.

நமக்கு அருகிலேயே

கோயில் நகரங்களிலும் தர்கா வாசல்களிலும் கையேந்தி அமர்ந்திருந்தோரின் மடங்கிய விரல்களைக் கண்டே நம் மூத்த தலைமுறை இந்நோயை அறிந்தது. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு அக்காட்சி புதிதன்று. ஆனால் அது நோயின் தவிர்க்க முடியாத முடிவன்று; தணிக்கப்படாத அழற்சியும், உணர்ச்சியற்ற கைகால்களில் கவனிக்கப்படாத காயங்களும் விட்டுச்சென்ற சுவடு.

இதனை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர், கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளியின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் அழிகின்றன என்று அவர் விளக்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில், மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கப்பெற்ற ஷிஃபெலின் மையம் இன்றளவும் இந்நோய்க்கான சிகிச்சையும் பயிற்சியும் ஆராய்ச்சியும் நடத்தி வருகிறது. அதே 1955இல் மத்திய அரசு செங்கற்பட்டில் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. சோளிங்கர் வழியாகவோ அரக்கோணம் வழியாகவோ நாம் சென்று வரக்கூடிய தொலைவில்தான் காட்பாடி இருக்கிறது.

2005 டிசம்பரில், 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நம் நாடு எட்டியது. நோய் ஒழிந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டனர். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவிலேயே உள்ளனர். அண்மை ஆண்டுகளில் இங்கு அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற அளவில் இருந்து வந்துள்ளது.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த ஊர். நம் கொள்வினை கொடுப்பினைகள் இன்றும் நகரி, புத்தூர், சித்தூர் எனத் தொடர்கின்றன. பிள்ளைப்பேற்றுக்காகவோ பிழைப்புக்காகவோ எல்லை தாண்டிச் செல்வோர் மருந்தைப் பாதியில் விட நேரிடுகிறது. இரு மாநிலங்களிலும் இம்மருந்து இலவசமே. சிகிச்சை அட்டையை உடன் கொண்டுசென்றால் அங்கும் தொடரலாம்.

உளூச் செய்யும்போது பாதத்தைப் பாருங்கள்

பாதத்தில் உணர்ச்சி இழந்தவர் நாள்தோறும் பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். நமக்கோ ஐவேளை உளூ இருக்கிறது. கால் கழுவும்போது விரலிடுக்குகளையும் குதிகாலையும் ஒரு கணம் உற்று நோக்கினால் ஐந்து சோதனைகள் முடிந்துவிடும். வெயில் நாட்களில் பள்ளிவாசல் முற்றத்தின் கல்தரை கொதிக்கும். உணர்ச்சியற்ற பாதம் அதனை அறியாது கொப்பளித்துவிடும். அத்தகையோர் நடப்பதற்குப் பாய் விரித்துக் கொடுப்பது சிறு செயல், பயனோ பெரிது. இருப்பு நிலையில் கணுக்கால் தரையில் அழுந்திப் புண்ணாகிறதெனில், நாற்காலியில் தொழுவது குறித்து இமாம் அவர்களிடம் கேட்டறியலாம். சமையலறையில் சூடான பாத்திரத்தைத் துணிகொண்டு பிடிப்பதும், மெத்தென்ற உள்ளடி கொண்ட காலணி அணிவதும் இன்றியமையாதவை.

விலக்குதல் தகுமா?

குஷ்டரோகியை விட்டு விலகுமாறு கூறும் நபிமொழி ஒன்றைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதன் விளக்கம் உலமாப் பெருமக்களின் பொறுப்பு. அவர்கள் முன்னிலையில் நாம் அதனுள் புகுவதற்கில்லை. மருத்துவ உண்மையை மட்டும் முன்வைக்கிறோம். மருந்தே இல்லாத காலத்தின் எச்சரிக்கை வேறு. சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் பரவாத இன்றைய நிலை வேறு. மருந்தில்லா நோயில்லை என்னும் கருத்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனைகளில் உள்ளதன்றோ! உமையா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக், தொழுநோயாளிகள் மக்களிடம் கையேந்தாதிருக்க உதவித்தொகை வழங்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவனின் தொழுநோயை மனைவி மணமுறிவு கோரும் காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. பிற சமயத்தாரின் திருமணச் சட்டங்களிலும் இத்தகைய பிரிவு இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அச்சொல்லை அனைத்திலிருந்தும் நீக்கிவிட்டது. நிக்காஹ் பதிவேடும் பஞ்சாயத்தும் நம் கையில் இருப்பதால் இதனை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் சோதித்துக்கொள்வோம். உணர்ச்சி குன்றாத வெண்புள்ளி தொழுநோயன்று, தொற்றுவதுமன்று. அதற்காக எந்தப் பெண்ணின் திருமணமும் தடைபடல் ஆகாது.

இரண்டாவது, மருந்து உண்பவரின் தேமல் சிவந்தாலும், நரம்பு வலித்தாலும், பொத்தான் போடவோ செருப்பு மாட்டவோ தடுமாறினாலும், கண் சிவந்தாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

மூன்றாவது, நோயாளியின் வீட்டாரும் சோதித்துக்கொள்ளட்டும். உடனிருப்போருக்கு ஒரே தவணை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாக வழங்கும் முறை அரசின் திட்டத்தில் உள்ளது.

நான்காவது, ஜனவரி 30 தொழுநோய் எதிர்ப்பு நாள். அதையொட்டி வரும் ஜும்ஆவில் இச்செய்தி சில நிமிடம் அறிவிக்கப்பட வேண்டுமென நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவச் செலவுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் உதவி நாடுவோரின் பெயர் வெளிவராமல் பைத்துல்மாலிலிருந்து வழங்க வழி செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, தொழுகை வரிசையிலும் விருந்துத் தட்டிலும் ஜனாஸாவிலும் எவரையும் ஒதுக்காதிருப்போம். ஒதுக்கப்படுவோம் என்ற அச்சமே நோயை மறைக்கச் செய்கிறது. மறைத்த நாட்களிலேயே நரம்பு சாகிறது. வெள்ளணுக்களின் போரை மாத்திரை தணிக்கும். அந்த அச்சத்தைத் தணிக்கும் மருந்து ஜமாஅத்தாராகிய நம்மிடமே உள்ளது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! அவர்களைத் தாங்கும் மனத்தை நமக்கு நல்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.